2 அடி மீன் தொட்டிக்கு எத்தனை எல்பிஎச் (மணிக்கு எத்தனை லிட்டர் ஓடும் என்ற கணக்கு) ஃபில்டர் போட வேண்டும்? 200 போதுமா?

போதாது. ஃபில்டரின் அட்டைப்பெட்டியில் 200 என்று போட்டிருந்தால் தொட்டிக்குள் 200 வராது.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள், கண்ணாடியை அல்ல. நீளம் 60 செ.மீ., அகலம் 30, தண்ணீர் நிற்கும் உயரம் 30 என்றால் 60×30×30÷1000 = 54 லிட்டர். மணல், கல்லுக்குப் பத்து சதவீதம் கழித்தால் 48 சொச்சம். கப்பி, மோலி, டெட்ரா என்றால் இந்தத் தண்ணீர் மணிக்கு ஐந்து தடவை ஃபில்டருக்குள் போய் வந்தால் போதும். அதாவது உண்மையில் ஓட வேண்டியது 240 லிட்டர். கோல்டு ஃபிஷ்ஷுக்கு எட்டு தடவையாவது வேண்டும், கழிவு அவ்வளவு. ஃபைட்டர் மீனுக்கு மூன்றே அதிகம். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துவிடும்.

அட்டையில் இருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே ஸ்பாஞ்சு, செராமிக் வளையம் எதுவும் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் எடுத்தது. இந்த ஸ்பாஞ்சு, வளையத்தை, அதாவது மீடியாவை, அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஸ்பாஞ்சு அழுக்கேறினால் பாதிகூடக் குறையும். அதனால் 240 வேண்டுமென்றால் 350-400 வாங்குங்கள். சந்தேகமிருந்தால் வெளியேறும் வாயில் குழாய் செருகி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு லிட்டர் ஜக்கில் பிடித்து விநாடிகளை எண்ணுங்கள். 3600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மையான எல்பிஎச். 15 விநாடியில் நிறைந்தால் 240. 25 ஆனால் 144 தான்; ஸ்பாஞ்சைப் பிழிய நேரம் வந்துவிட்டது.

"பத்து மடங்கு வைத்தால்தான் சுத்தம்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வேகம் மட்டும் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் குறைக்காது. அதைத் தின்னும் பாக்டீரியா தங்க இடம் வேண்டும்; அந்த இடம் மீடியாதான். ஒரே எல்பிஎச்சில் இரண்டு ஃபில்டர் இருந்தால் மீடியா பெட்டி பெரிதாக இருப்பதை எடுங்கள்.

மாதாமாதம் கார்ட்ரிட்ஜை (ஃபில்டருக்குள் செருகும் மீடியா பொதியை) மாற்றச் சொல்லி விற்கிறார்களே, அதுதான் எரிச்சல். பாக்டீரியாவையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீன் ஏன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்று கேட்பார்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து மாட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். கிழியும் வரை அதே ஸ்பாஞ்சு ஓடும்.