வாசல் தாண்டாத பூனைக்கு எதற்கு ஊசி?

கேள்வி: தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிறோம், டாக்டர். இரண்டரை மாதம் இருக்கும். வீடு மூன்றாவது மாடி. "வெளியிலேயே போகாத பூனைக்கு எதற்கு ஊசி" என்கிறார் என் வீட்டுக்காரர். - வாசகி, திருச்சி

பதில்: பூனை வாசல் தாண்டாது, சரி. வீட்டுக்காரரின் செருப்பு தாண்டுகிறதே! பான்லூகோபீனியா என்றொரு வைரஸ் நோய் இருக்கிறது. ஊசி போடாத குட்டிக்கு வந்தால் வாந்தியும் பேதியுமாக இரண்டு மூன்று நாளில் ஆளையே முடித்துவிடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். (பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும் பூனைக்கு அதுவே விஷம், அது வேறு கதை.)

பான்லூகோபீனியாவுக்கும் பூனைச் சளிக்கும் சேர்த்து ஒரே ஊசிதான். இப்போது ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் தாண்டும்வரை போட வேண்டும். ஒரு வருடத்தில் இன்னொன்று. ஏன் இத்தனை தடவை என்று நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும் போட்டு, பிறகு வருடா வருடம். காசுதான் பிரச்சினை என்றால், ஜூலை 6 அன்று அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள், பல ஊர்களில் அன்று ரேபிஸ் ஊசி இலவசம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ரேபிஸ் தடுப்பு மருந்து கொடுத்த நாள் அது.

அப்புறம் பூச்சி மருந்து. தெருக்குட்டிக்கு வயிற்றில் பூச்சி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். எடை பார்த்துத்தான் அளவு, கண்மதிப்பில் கொடுக்காதீர்கள். பெட்டை என்றால் ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். "இன்னும் குழந்தைதானே" என்று இருப்பீர்கள், அது நாலு மாதத்திலேயே சினை பிடித்து நிற்கும்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து பாதி மீதி இருக்கிறது. பூனைக்குக் கழுத்தில் இரண்டு சொட்டு விடலாமா? - வாசகர், கோவை

பதில்: கூடவே கூடாது. நாய் மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, கடைசியில் உயிரே போகலாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களுக்கும் இதே பதில்தான், ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல.

கேள்வி: எங்கள் கடுவனுக்கு எட்டு வயது. நன்றாகத்தான் இருக்கிறான். கூடையைக் கண்டாலே கட்டிலடியில் ஓடிவிடுவதால் நாலு வருடமாக டாக்டரிடம் போகவில்லை. - வாசகி, தூத்துக்குடி

பதில்: கூடையை டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் எடுத்தால் ஓடத்தான் செய்வான். கூடத்திலேயே திறந்து வையுங்கள், உள்ளே பழைய துண்டு போட்டு, அவ்வப்போது துளி மீனும். பத்து நாளில் அதில் தூங்க ஆரம்பித்துவிடுவான்.

"நன்றாகத்தான் இருக்கிறான்" என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். பூனை நோவை வெளியில் காட்டாது. சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும். அதனால் மாதம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். நாலு கிலோ பூனை நானூறு கிராம் இளைப்பது, அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம். தண்ணீர் அதிகம் குடித்தாலும் கூட்டி வாருங்கள். வருடம் ஒருமுறையாவது ரத்தம், சிறுநீர், பல் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

கடுவன் என்பதால் இன்னொன்று: மண் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.