அப்பாரு விட்டுப்போன மேண்டிலும் ஆன்லைனில் வாங்கிய கெய்கர் கவுண்டரும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்க அப்பாரு அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்டவர். போன மாதம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு தகர டப்பாவில் பிரிக்காத மேண்டில் (லைட்டுக்குள் கட்டி எரிக்கும் சின்ன வலைத்துணி) இரண்டு டஜன், இரண்டு பழைய லைட், முள்ளில் மஞ்சள் பூச்சுள்ள ஒரு வெளிநாட்டு வாட்ச் கிடைத்தன. என்னிடம் இருக்கிற கெய்கர் கவுண்டர் (கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கருவி) சாதாரணமாக நிமிடத்துக்கு 25 காட்டும். மேண்டில் பாக்கெட் ஒன்றின் மேல் வைத்ததும் 1500-ஐத் தாண்டிவிட்டது. எனக்கு ஒரே ஆர்வம், வீட்டுக்காரிக்கு ஒரே பயம், 4 வயதில் பாப்பா இருக்கிறாள். வைத்துக்கொள்ளலாமா? சரியாக அளப்பது எப்படி? நாகர்கோவில் நண்பர் மணவாளக்குறிச்சி மணல் ஒரு பை கொண்டுவருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: தம்பி, மணலை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம் என்று இன்றைக்கே நண்பருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அந்தக் கருமணலில் இருக்கும் மோனசைட் என்கிற கனிமத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தோரியம் ஆக்சைடு உண்டு, சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள பொருள் அது, உரிமம் இல்லாமல் கையாளக் கூடாது. கடற்கரையில் அந்த மணல்மேலேயே சனங்கள் குடியிருக்கிறார்களே என்று நண்பர் கேட்பார். அவர்கள் அங்கே குடியிருப்பது வேறு, அதைப் பையில் அள்ளிவந்து சின்னக் குழந்தை விளையாடும் வீட்டில் வைப்பது வேறு. ஆசையாக இருந்தால் கவுண்டரை எடுத்துக்கொண்டு நீங்கள் அங்கே போய்க் கரையில் நின்று அளந்து, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அந்த மணலும் உங்கள் அப்பாரு டப்பாவும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1891-இல் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்கிற வேதியியலாளர், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தால் தீயில் பளீரென்று வெள்ளையாக எரியும் என்று கண்டுபிடித்தார். அதுதான் மேண்டில். அதற்குத் தோரியம் தேடி ஐரோப்பியர்கள் உலகம் முழுக்க அலைந்துகொண்டிருந்தபோது, 1909-இல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மானியர், நம் தென்கோடியிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைப் பார்த்துவிட்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். இன்றைக்கு மேண்டில் செய்கிறவர்கள் பலர் கதிரியக்கம் இல்லாத இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள். உங்களுடையது பழைய சரக்கு, கவுண்டர் காட்டும் எண்ணைப் பார்த்தால் தோரியமேதான்.

நான் கோயமுத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரிகளில் வார்ப்புகளை இரிடியம்-192 வைத்துப் படமெடுத்துச் சோதிக்கும் வேலையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன், சட்டைப்பையில் டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் பட்ட கதிரின் அளவைப் பதியும் அட்டை) இல்லாமல் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் டப்பாவிலிருந்து வரும் கதிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதிலிருந்து பறக்கக்கூடிய தூசியைப் பார்த்துப் பயப்படுங்கள். தோரியம் விடும் ஆல்ஃபாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், நம் மேல்தோலே தடுத்துவிடும். அதே தோரியம் மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் தடுப்பதற்கு நடுவே ஒன்றுமில்லை. எக்ஸ்ரே படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1930, 40-களில் தோரோட்ராஸ்ட் என்கிற தோரியக் கரைசலை நோயாளிகளின் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அது ஈரலில் தங்கிவிட்டது, பல வருடம் கழித்து நிறையப் பேருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது.

அதனால் மேண்டில்களை வைத்துக்கொள்ளுங்கள், பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஜிப் கவரில் போட்டு மொத்தத்தையும் இறுக்க மூடும் ஒரு தகர டப்பாவில் வையுங்கள். பழைய ஞாபகத்துக்கு ஒன்றை ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும், அது வேண்டாம், முதல் முறை எரிக்கும்போதுதான் தோரியம் சிதைந்து உள்ளே சேர்ந்திருக்கும் சேய்த் தனிமங்களில் ஒரு பகுதி புகையோடு வெளியே வரும். உண்மையில் எனக்குக் கவலை அந்த இரண்டு பழைய லைட்டுகள்தான். அவற்றின் கண்ணாடிக்குள்ளும் அடித்தட்டிலும் எரிந்து உதிர்ந்த மேண்டிலின் வெள்ளைச் சாம்பல் கட்டாயம் இருக்கும். லைட்டுக்காரர்கள் பழைய மேண்டிலை விரலால் தட்டிவிட்டு ‘ஃபூ’ என்று ஊதிவிட்டுப் புதுசு கட்டுவார்கள், சின்ன வயதில் நோம்பிக் கூட்டத்தில் நான் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் ஊதாதீர்கள். பாப்பா இல்லாத நேரத்தில் லைட்டை வாசலுக்குக் கொண்டுபோய், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். துடைப்பம், வேக்குவம் எதுவும் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, லைட்டை இன்னொரு முறை கவுண்டரால் தடவிப் பாருங்கள்.

வாட்ச் விஷயம். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டுக்கு ஒட்டுவதை ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்போம், தெருவுக்குத் தெரு ரேடியம் கட்டிங் கடை இருக்கிறது. அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது, விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக் தாள் அவ்வளவுதான். பேர் மட்டும் பழைய வாட்சிலிருந்து வந்தது. உங்கள் வாட்சில் இருப்பது நிஜ ரேடியமா என்று தெரிய வாட்சைக் கவிழ்த்து முதுகுப் பக்கம் அளந்து பாருங்கள், உலோக மூடியைத் தாண்டியும் எண் நன்றாக ஏறினால் ரேடியம்தான், பின்னால் வந்த, கதிர் வலுவில்லாத டிரிட்டியம் பூச்சாக இருந்தால் ஒன்றும் காட்டாது. இருட்டில் மின்னவில்லையே, தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1600 வருடம் ஆகும், செத்துப்போனது அதோடு கலந்திருந்த, கதிர் பட்டால் ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு. அந்தப் பூச்சு காலப்போக்கில் பொடியாக உதிரும். அதனால் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்லவே கூடாது, அந்தக் கடைக்காரர் மூக்குக்கு ஓரடி தூரத்தில் வைத்துத்தான் திறப்பார். கவரில் போட்டு, படுக்கையறை, சமையலறை இல்லாத, காற்று வந்துபோகும் இடத்தில் வையுங்கள், ஏனென்றால் ரேடியத்திலிருந்து ரேடான் வாயு கசிந்துகொண்டேயிருக்கும்.

வீட்டுக்காரம்மாவின் பயத்துக்கு நான் எழுதும் ஆறுதலைவிட உங்கள் கவுண்டரே நல்ல பதில் சொல்லும். மூடிய டப்பாவிலிருந்து பத்து சென்டிமீட்டர், அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தள்ளித் தள்ளி வைத்து அவரையே எண்களை எழுதச் சொல்லுங்கள். ஒரு மீட்டரிலேயே 25-க்குப் பக்கத்தில் வந்திருக்கும், இரண்டு மீட்டரில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமம். அப்புறம் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘கதிரியக்கப் பொருள், திறக்க வேண்டாம்’ என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் வைத்தது என்றும் எழுதி, பூட்டி வையுங்கள். இதை நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு ஒரு நாள் வீடு மாற்றும்போது அந்த டப்பா பழைய இரும்புக்காரர் தராசில் ஏறிவிடக் கூடாது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்தது அதுதான். பல வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் விட்டார்கள், பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள், ஒரு தொழிலாளி இறந்தார், மற்றவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் டப்பாவுக்கும் அந்தக் கோபால்ட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் அடுத்ததாகப் பழைய சாமான் கடைகளில் கவுண்டரோடு சுற்ற ஆரம்பிப்பார்கள், நம் ஊர் ஃபவுண்டரி ஸ்கிராப்பில் நிறைய அந்த வழியாகத்தான் வருகிறது. அங்கே எங்கேயாவது பல மீட்டர் தூரத்திலேயே எண் எகிற ஆரம்பித்தால், அல்லது கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிலைச் சின்னம் போட்ட கனமான ஈயப் பாத்திரம், பளபளப்பான சின்ன உலோக உருளை எதையாவது பார்த்தால், கிட்டே போய் அளக்கும் ஆசையை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். மற்றவர்களையும் விலகச் சொல்லி 112-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, அளப்பது. உங்கள் கவுண்டர் நிமிடத்துக்கு 25 காட்டுகிறது என்றீர்கள். அது எப்போதும் 25 இராது, ஒரு நிமிடம் 21, அடுத்தது 31 என்று ஆடிக்கொண்டேயிருக்கும், அது கருவியின் கோளாறு இல்லை, அணுச்சிதைவின் இயல்பே அதுதான். எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஆடும். 25-க்கு 5. அதனால் ஒரு பொருளின் மேல் வைத்து 33 வந்தால் அதில் கதிரியக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதையே பொறுமையாக 30 நிமிடம் எண்ணுங்கள். வெறும் மேசையில் 750, பொருளின் மேல் 990 வந்தால் வித்தியாசம் 240, இரண்டின் ஆட்டமும் சேர்த்து 42-தான். இப்போது தைரியமாகச் சொல்லலாம். நிறையப் பேர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள், அதை அளவீடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொன்று, திரையில் மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) என்று வரும் எண்ணை மேண்டில் மேல் வைத்துப் படிக்காதீர்கள். சீசியம்-137-இன் காமாக் கதிருக்கு ஏற்ற மாதிரி கணக்குப் போட்டுத்தான் கருவி அதைக் காட்டுகிறது, மேண்டிலிலிருந்து வருவதில் பெரும்பகுதி பீட்டா, ஆகவே எண் தாறுமாறாகக் கூடும். நடுவில் நாலைந்து மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வைத்தால் பீட்டா நின்றுவிடும், மிச்சம் காமா. தகடு எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் துண்டாகக் கிடைக்கும். தகடு இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

சேகரிப்பைப் பெரிதாக்க வெளிநாட்டு இணையக் கடையில் கதிரியக்க மூலங்களை ஆர்டர் பண்ண வேண்டாம், இறக்குமதிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். தேவையும் இல்லை, நம் தோட்டத்திலேயே இருக்கிறது. வாழைக்கும் மஞ்சளுக்கும் போடுகிற பொட்டாஷ் உரம் ஒரு கிலோவை ஒரு பாலிதீன் பையில் நிரப்பி, மேலே கவுண்டரைப் படுக்க வைத்து ஒரு மணி நேரம் எண்ணுங்கள். பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பொட்டாசியம்-40 இருக்கிறது, அதன் பாதிக்காலம் 125 கோடி வருடம், பூமி உண்டானபோது வந்து சேர்ந்தது இன்னும் தீரவில்லை. ஒரு கிராம் பொட்டாஷில் நொடிக்குச் சுமார் 16 அணுக்கள் சிதைகின்றன. நம் உடம்பிலும் அதே பொட்டாசியம் நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் முறை சிதைந்துகொண்டிருக்கிறது. இதைப் பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

அடுத்தது, டிக் வெல்டிங் பட்டறைகளில் முனையில் சிவப்பு வர்ணம் பூசிய டங்ஸ்டன் ராடு. அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு. சாம்பல் நிற முனையில் சீரியம், தங்க நிறத்திலும் நீலத்திலும் லாந்தனம். நாலு நிறத்திலும் பத்துப் பத்து வைத்து அளந்தால் சிவப்பு மட்டும் தனியாக நிற்கும். ராடைத் தீட்டி மட்டும் விடாதீர்கள், தீட்டும் தூசிதான் அங்கேயும் எதிரி. அந்தப் பட்டறைக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள், தினமும் கிரைண்டர் முன் நிற்பவர் அவர், பலருக்கு அந்த நிறம் எதற்கென்றே தெரியாது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது மழை. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கசியும் ரேடான் காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்று மாறித் தூசியில் ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கும், மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுவரும். ரொம்ப நாள் காய்ந்து கிடந்த பிறகு வரும் முதல் நல்ல மழையில் கார் கூரையை ஒரு டிஷ்யூ தாளால் முழுக்கத் துடைத்து, பிழிந்து, நாலாக மடித்துக் கவரில் போட்டு கவுண்டருக்கு அடியில் வையுங்கள். எண் ஏறியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே வந்தால் சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதி பாதியாக இறங்கும். பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் அந்த வளைகோடு உங்கள் நோட்டில் உங்கள் கையாலேயே விழும். என் பையன் ஒன்பதாவது படிக்கும்போது ஓர் ஐப்பசி மழையில் நாங்கள் இரண்டு பேரும் இதைச் செய்தோம், ராத்திரி பதினொரு மணிவரை அவன் எழுந்திருக்கவே இல்லை. மூன்று மணி நேரம் போனால் தாள் பழையபடி வெறும் தாள், குப்பையில் போட்டுவிடலாம்.

பின்னணி எண்ணை, அதாவது எதையும் வைக்காமல் கவுண்டர் காட்டும் எண்ணை, மழைக்கு முன்னாலேயே அரை மணி நேரம் எடுத்து வைத்துவிடுங்கள். துடைத்த நிமிடத்திலிருந்தே கடிகாரத்தைக் குறியுங்கள், உள்ளே வந்து தலை துவட்டிவிட்டு உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் போய்விடும்.