ஆள் கடலில் விழுந்தால் தேடலை எங்கே தொடங்குவது? – கேள்வி பதில்

சரக்குக் கப்பல்களில் டெக் ஆபீசராக இருந்தவன் நான். இப்போது கரையில் கேடட்களுக்குத் தேடல், மீட்புப் பாடம் எடுக்கிறேன். கப்பலிலிருந்தோ படகிலிருந்தோ தவறி விழுந்தவரைத் தேடுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கேடட்): சார், கண் முன்னாலேயே ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? கப்பலை வந்த தடத்துக்கே திருப்புகிற வில்லியம்சன் டர்ன்தானே?

கப்பலைத் திருப்புவது பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருப்பவர் வேலை. நீங்கள் கத்துங்கள், பக்கத்தில் இருக்கும் லைஃப்பாயை (மிதவை வளையத்தை) எறியுங்கள், கையை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே இருங்கள். அந்தக் கையை இறக்கவே கூடாது. 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், ஏறக்குறைய 1.85 கி.மீ.) வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 460 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைக்கு நடுவே தெரியும் தலை, மிதக்கும் தேங்காய் அளவுதான். ஒரு முறை கண்ணை எடுத்தால் திரும்பக் கிடைக்காது.

பிரிட்ஜில் இருப்பவர் ஜிபிஎஸ்ஸில், ஆள் விழுந்த இடத்தைப் பதிவு செய்யும் எம்ஓபி பட்டனை அழுத்துவார். பிரிட்ஜ் ஓரத்தில் இருக்கும் கனமான லைஃப்பாயைக் கழற்றி விடுவார். அதோடு கட்டியிருக்கும் ஆரஞ்சுப் புகை குறைந்தது 15 நிமிடம் வரும், விளக்கு 2 மணி நேரம் எரியும்.

அப்புறம் திருப்பம். ஆள் கண்ணுக்குத் தெரிகிறார் என்றால், ஒரே பக்கமாக ஏறக்குறைய ஒரு வட்டமடிக்கும் ஆண்டர்சன் டர்ன் சீக்கிரம் முடியும். இரவோ மூடுபனியோ என்றால்தான் வில்லியம்சன். ஆள் விழுந்த பக்கமே சுக்கானை முழுசாகத் திருப்பி, பழைய கோர்ஸிலிருந்து (போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து) 60 டிகிரி விலகியதும் எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டும். நேரம் கொஞ்சம் கூடுதல் பிடிக்கும். ஆனால் வந்த தடத்திலேயே கப்பலைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்.

கேள்வி: யாருமே பார்க்கவில்லை, காலைச் சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லை. இவ்வளவு பெரிய கடலில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

பலரும் கேட்ட கேள்வி இதுதான். தேடல் திட்டத்தில் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நாங்கள் முதலில் கேட்பது எங்கே விழுந்தார் என்பதையல்ல, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதை. கப்பல் எந்த மணிக்கு எங்கே இருந்தது என்று பதிவு இருக்கிறது. நேரம் கிடைத்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் 15 நாட்டில் போகிறது. இரவு 11 மணிக்குக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள், காலை 7 மணிக்குக் காணவில்லை. 8 மணி நேரம் என்றால் 120 நாட்டிக்கல் மைல் தடம். நீரோட்டக் கணிப்பில் வரக்கூடிய பிழைக்காகத் தடத்துக்கு இரண்டு பக்கமும் 3 மைல் விடுகிறோம். ஆக 720 சதுர மைல். ஒரு ஹெலிகாப்டர் 90 நாட் வேகத்தில், 0.2 மைல் இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் பறந்தால் மணிக்கு 18 சதுர மைல் முடிக்கும். முழுதும் முடிக்க 40 மணி நேரம். இடையில் எரிபொருள் போடத் திரும்ப வேண்டும், இருட்டும்.

இப்போது எஞ்சின் ரூம் ஆள் ஒருவர், "காலை நாலு மணிக்கு வாட்ச் மாறும்போது டீ வாங்கிக் கொடுத்தேனே" என்கிறார். தேட வேண்டியது 3 மணி நேரத் தடம் மட்டும். 40 மணி நேர வேலை 15 மணி நேரமாகிவிட்டது. கேபின் கதவுப் பதிவோ சிசிடிவியோ அதை அரை மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டால் இரண்டரை மணி நேரத்தில் முடியும்.

அந்த ஒரு டீ, இன்னும் இரண்டு ஹெலிகாப்டர் வரவழைப்பதைவிட அதிகம் உதவியது. அதனால்தான் தேடல் ஒருங்கிணைப்பாளர் போனிலேயே நச்சரித்துக்கொண்டிருப்பார். கடைசி வாட்ஸ்அப் எத்தனை மணிக்கு? படுக்கையில் படுத்த அடையாளம் இருக்கிறதா? எந்தச் செருப்பைக் காணோம்? லைஃப் ஜாக்கெட் மாட்டிய இடத்தில் இருக்கிறதா? பதற்றத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இன்னொன்று, கப்பலுக்குள் முழுசாகத் தேடுவதையும் விடக்கூடாது. அதற்காகக் கப்பலைத் திருப்புவதைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

கேள்வி: இப்படி நேரத்தைச் சுருக்கி உண்மையிலேயே ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறார்களா?

2013 ஜூலை 24. அமெரிக்காவில் லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் மான்டாக் என்ற ஊர். அங்கிருந்து போன அன்னா மேரி என்ற லாப்ஸ்டர் படகில் மூன்று பேர். இரண்டு பேர் தூங்க, ஒருவர் மட்டும் விழித்திருந்தார். அதிகாலை மூன்றரை மணி வாக்கில் ஐஸ் பெட்டியை நகர்த்த அதன் கைப்பிடியில் கொக்கி மாட்டி இழுத்திருக்கிறார். கைப்பிடி உடைந்தது. இழுத்த வேகத்தில் பின்னால் போய், திறந்திருந்த பின்பக்கம் வழியாகக் கடலில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் இல்லை. ஆட்டோபைலட்டில் ஓடிய படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கூட்டாளி எழுந்து பார்த்துக் கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டபோது காலை 6 மணி தாண்டியிருந்தது. விழுந்தது முந்தைய இரவு 9 மணியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற நிலை. கூட்டாளி படகைச் சுற்றிப் பார்த்தார். உடைந்த கைப்பிடி கண்ணில் பட்டது. லாப்ஸ்டர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனபின் அந்த வேலையை இவர் தொடங்குவார் என்பது கூடவே தொழில் செய்தவருக்குத் தெரியும். ஆக, விழுந்தது முன்னிரவில் அல்ல, கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு. தேடல் தெற்கே நகர்ந்தது. சாரோப்ஸ் என்ற கணினி நிரல் ஆயிரக்கணக்கான கற்பனை மனிதர்களைக் கடலில் மிதக்கவிட்டு அவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று காட்டும். அதற்கும் புதுத் தகவலைக் கொடுத்தார்கள். பிற்பகல் 3 மணி வாக்கில் ஹெலிகாப்டர் அவரைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 12 மணி நேரம் தண்ணீரில்!

அவர் பங்கையும் சொல்ல வேண்டும். காலில் இருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, காற்றை அடைத்து இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டார். விடிந்ததும் லாப்ஸ்டர் கூண்டுகளின் மிதவையைத் தேடிப் பிடித்துத் தன்னை அதோடு கட்டிக்கொண்டார். அதன்பின் நீரோட்டம் அவரை இழுத்துப் போகவில்லை.

கேள்வி (மீனவர் குடும்பம், தூத்துக்குடி): அண்ணா, எங்கள் ஊரில் படகு மட்டும் காலியாகக் கிடைத்தால் அதைச் சுற்றித்தான் எல்லாரும் தேடுவார்கள். அது சரியா?

பெரும்பாலும் சரியில்லை தம்பி. தண்ணீரில் கிடக்கும் ஆளின் உடம்பு ஏறக்குறைய முழுசாக நீருக்குள் இருக்கிறது. அவரை நீரோட்டம் கொண்டுபோகும். காற்று தள்ளுவது, காற்றின் வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு போலத்தான். 20 நாட் காற்றடித்தால் 0.2 நாட். ஆனால் காலிப் படகு மேலே தெரிகிறது, காற்று அதை இன்னும் வேகமாகத் தள்ளும். வாடைக்காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் இன்னொரு பக்கமுமாக இருந்தால் சில மணி நேரத்தில் இரண்டும் மைல் கணக்கில் பிரிந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம், டீசல் தீரும்வரை படகு போயிருக்கும்.

காலிப் படகு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அது கிடைத்த இடத்திலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். டேங்கில் எவ்வளவு டீசல் மிச்சம், வலை விட்டபடி இருக்கிறதா, சோறு சாப்பிட்டாயிற்றா, ஜிபிஎஸ்ஸில் தடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். படகை இழுத்துவரும் அவசரத்தில் இதையெல்லாம் கலைத்துவிடாதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2016-இல் சாராட் என்ற கருவியை வெளியிட்டது. காணாமல் போன இடம், நேரம், ஆளா படகா என்று கொடுத்தால் தேட வேண்டிய பகுதியை வரைபடத்தில் காட்டும். அதிலும் நேரம் தப்பாகக் கொடுத்தால் தப்பான இடம்தான் வரும்.

கேள்வி: தேடும் பாதையை எப்படி முடிவு செய்கிறீர்கள்? சதுரமா, வட்டமா?

விழுந்த இடம் நன்றாகத் தெரிந்தால் செக்டர் தேடல்: நடுப்புள்ளி வழியாகத் திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு முறையும் 120 டிகிரி திரும்புவது. கொஞ்சம் சந்தேகம் இருந்தால் விரியும் சதுரம். பரப்பு பெரிது என்றால் இணை கோடுகள்.

புதிதாகத் தேடப் போகிறவர்கள் நடுப்புள்ளியை ஜிபிஎஸ் எண்ணாகக் குறித்துக்கொண்டு அதையே சுற்றுவார்கள். ஆனால் ஆள் அங்கே நிற்கவில்லையே, தண்ணீரோடு நகர்ந்துகொண்டல்லவா இருக்கிறார். ஒரு மிதவையைப் போட்டு, அதை நடுப்புள்ளியாக வைத்துச் சுற்றுங்கள். அவர் போகும் திசையிலேயே ஏறக்குறைய அதுவும் போகும்.

கேள்வி (கணித மாணவி): தேடிவிட்டோம், கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை அடித்துவிடலாமா?

கூடாது. இந்தக் கணக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, நீர்மூழ்கிகளைத் தேட, பெர்னார்ட் கூப்மன் போன்ற கணிதவியலாளர்கள் உருவாக்கியது. வெற்றி வாய்ப்பு என்பது இரண்டின் பெருக்கல்: ஆள் அந்தப் பகுதியில் இருக்கும் வாய்ப்பு, இருந்தால் நம் கண்ணில் படும் வாய்ப்பு.

ஆ பகுதியில் இருக்க 60 சதவீதம், இ பகுதியில் 40 என்று வையுங்கள். ஆ-வில் தேடுகிறோம், கண்ணில் படும் வாய்ப்பு 70 சதவீதம். கிடைக்கவில்லை. ஆ-வில் மிச்சம் 18, இ-யில் 40. நூற்றுக்கு மாற்றினால் 31-க்கு 69. அடுத்த முறை இ-க்குப் போக வேண்டும், ஆனால் ஆ இன்னும் சாகவில்லை. தேடியாயிற்று என்று சிவப்பு மையால் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: தலைக்கு மேலேயே ஹெலிகாப்டர் பறந்தும் பார்க்காமல் போவார்களா?

போவார்கள், அடிக்கடி. காற்று 15 நாட்டைத் தாண்டினால் தண்ணீரில் இருக்கும் ஆளைப் பார்க்கக்கூடிய அகலத்தைப் பாதியாகவும், 25-ஐத் தாண்டினால் கால்வாசியாகவும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது சர்வதேசத் தேடல், மீட்புக் கையேடு. வெள்ளை நுரைக்கு நடுவே தலை மறைந்துவிடும். விழுந்தவர் மேலே கையாட்டுவதைவிடப் பளிச்சென்று எதையாவது விரித்துக் காட்டுவது, தண்ணீரை அடித்துச் சிதறவைப்பது மேல்.

கேள்வி (கப்பல்காரர் மனைவி): எப்போது தேடலை நிறுத்துவார்கள் சார்?

அம்மா, இதற்கு ஒரே எண் கிடையாது. தண்ணீரின் வெப்பம், லைஃப் ஜாக்கெட், உடல்நிலை எல்லாம் பார்ப்பார்கள். குளிர்ந்த கடலில் பத்து நிமிடத்திலேயே கை கால் சொன்னபடி கேட்காது. 20 டிகிரிக்கு மேல் என்றால் 24 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் வாய்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். வங்காள விரிகுடா பெரும்பாலும் அதைவிடச் சூடு. நிறுத்தினாலும் பொதுவாக அது இடைநிறுத்தம்தான். புதுத் தகவல் வந்தால் மறுபடி தொடங்கலாம். எனவே உங்களுக்கு ஏதாவது நினைவுக்கு வந்தால், சின்ன விஷயமாக இருந்தாலும், தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நம் கடலில் யாரைக் கூப்பிடுவது?

போன் எடுத்தால் 1554, கடலோரக் காவல் படை. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16. இந்தப் பக்கத்துக்குத் தேடலை ஒருங்கிணைப்பது சென்னை மையம். ஊர்ப் படகுகளைத் திரட்டிக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். சொல்லிவிட்டுப் போய்த் தேடுங்கள்.

கேள்வி: தனியாகத் தொழிலுக்குப் போகிறேன். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், எது?

போட்டுக்கொண்டே வேலை செய்ய வசதியான லைஃப் ஜாக்கெட். காசு மிஞ்சினால் அதில் பொருத்துகிற, நீங்கள் இருக்கும் இடத்தைச் சிக்னலாக அனுப்பும் சின்ன பீக்கன். அவுட்போர்டு எஞ்சின் என்றால் கில் ஸ்விட்ச் (நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடுவது) கயிற்றைக் கையில் மாட்டுங்கள், அது எஞ்சினோடு சும்மா வருவதுதான்.