புட்டியில் இருப்பது உரமா, தண்ணீரா?

கேள்வி: ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில், வளர்க்கும் செடிகளுக்கு ஏ, பி என்று இரண்டு புட்டி ஊட்டக் கரைசல் வாங்கினேன். இடம் அடைக்கிறதென்று இரண்டையும் ஒரே கேனில் ஊற்றி வைத்தேன். மறுநாள் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. மட்டமான சரக்குதானே? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. சரக்கைக் கெடுத்தது நீங்கள். ஒரு புட்டியில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். தண்ணீர் கலக்காமல் இவை சேர்ந்தால் ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் அடியில் உட்கார்ந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. தனித்தனியாக விற்பதே இதற்காகத்தான். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலக்கிய பின் பி. இதைப் புட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் படித்திருக்கலாம்.

கேள்வி: ஒரே வாளித் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் என் டிடிஎஸ் மீட்டர் 500 காட்டுகிறது, நண்பருடையது 700. எது போலி?

பதில்: இரண்டும் சரி. மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை, அதாவது இசியை. இசி 1.0 என்பதைச் சில மீட்டர்கள் 500 ஆகவும் சில 700 ஆகவும் மாற்றிக் காட்டும். இசி அளவையே பாருங்கள்.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. பிஎச் பார்க்கவும் செலவழிக்க வேண்டுமா?

பதில்: வேண்டும், கரைசலின் அமில காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இல்லாவிட்டால் கரைசலில் இரும்பு இருந்தும் இலை மஞ்சளாகும்.

கேள்வி: தக்காளி பூக்கும் பருவம். 'ப்ளூம் பூஸ்டர்' தனியாக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?

பதில்: இந்தப் பூஸ்டர் வியாபாரத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. நானும் வேருக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று வரிசையாக வாங்கி அடுக்கியவன். ஒருநாள் பூப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். 0-5-3 என்று போட்டிருந்தது. நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் 5 சதவீதம், பொட்டாஷ் 3. மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்ற சாதாரண உரப் பொடியின் எண் 0-52-34. அதை ஏறக்குறைய 100 கிராம் எடுத்து ஒரு லிட்டராகக் கரைத்தால் அந்தப் புட்டி தயார். மீதியெல்லாம் தண்ணீர். தண்ணீருக்குத்தான் அத்தனை பணம் கொடுத்திருக்கிறேன் என்று அன்று புரிந்தபோது வயிறு எரிந்தது.

அந்த 5 கூட நேரடி பாஸ்பரஸ் அளவு இல்லை. P2O5 என்ற பாஸ்பரஸ் ஆக்சைடின் கணக்கில் எழுதுவது வழக்கம். உண்மையான பாஸ்பரஸ் அதில் 44 சதவீதம்தான். பொட்டாஷும் அப்படியே, K2O என்ற பொட்டாசியம் ஆக்சைடின் கணக்கு. உண்மையான பொட்டாசியம் அதில் 83 சதவீதம். பாஸ்பரஸை அள்ளிக் கொட்டினால் பூ கூடாது. அளவு மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும். தக்காளிக்கு அந்தப் பருவத்தில் கூடுதலாக வேண்டியது பொட்டாசியம். கூடவே கால்சியம் குறையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயின் அடி கறுத்து அழுகும். நல்ல தக்காளிக் கலவையில் இவை இரண்டும் உண்டு. எண்ணே அச்சிடாத புட்டியைக் கையில்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற பின் ஆசையாகத் தொடங்கினேன். 'ஹைட்ரோபோனிக்ஸுக்கு முழு ஊட்டம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பொடி வாங்கினேன். கீரையெல்லாம் வெளுத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் பொடி எழுத்தில் 'யூரியா' என்றிருக்கிறது. பாக்கெட்டைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். என் தவறுதானா?

பதில்: இல்லை ஐயா, உங்கள் தவறு துளியும் இல்லை. யூரியாவை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்ற மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டு. உங்கள் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது. யூரியா மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மீட்டரும் காட்டிக்கொடுத்திருக்காது. திறந்து கரைத்துப் பார்க்காமல் யாருக்குத்தான் தெரியும்? விளம்பரத்தில் சொன்ன வேலைக்கு உதவாத பொருளை விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், பாக்கெட்டின் இரு பக்கத்தையும், பில்லையும்கூட. தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள். புகார் முடியும்வரை மீதிப் பொடியைத் தூர எறிய வேண்டாம்.

அடுத்து வாங்கும்போது நைட்ரஜன் பெரும்பாலும் நைட்ரேட்டாக இருக்கிறதா, கால்சியம், மக்னீசியம், இரும்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைக்குத் தொட்டியைக் காலி செய்து புதுக் கரைசல் விடுங்கள். பழையதைக் கொட்ட வேண்டாம். தண்ணீர் கலந்து மண்ணில் வளரும் செடிகளுக்கு ஊற்றலாம்.