கிட்னி மாற்றிய பிறகு புற்றுநோய் பயம்: மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. என் மாமியார் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி மூன்று வருடம் ஆகிறது. உடல் அதை நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 1.2. இந்த மாத்திரைகளால் புற்றுநோய் வரும் என்று யாரோ சொன்னதிலிருந்து இரவு வேளையை விட்டுவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் இன்று இரவு மாத்திரையைப் போடச் சொல்லுங்கள், சகோதரி. நாளையே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவையும் கிரியேட்டினினையும் பாருங்கள். 1.2 என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம்.

அவருடைய பயம் பொய்யல்ல. அமெரிக்காவில் நடந்த 1,75,000-க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றங்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், மற்றவர்களைவிட உறுப்பு பெற்றவர்களுக்குப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது. 44 வயதில் அடிப்படை ஆபத்தே குறைவு என்பதால் இரட்டித்தாலும் பெரும்பாலோருக்கு வராது. மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்கள் கூடவில்லை. நிணநீர்ப் புற்றுநோய் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. உடலில் பதுங்கியிருக்கும் எப்ஸ்டீன்-பார் போன்ற வைரஸ்களை அடக்கிவைப்பது நம் எதிர்ப்பு சக்திதான். மாத்திரை அதைத் தணிக்கும்போது அவை தலைதூக்குகின்றன.

பல குடும்பங்களுக்குத் தெரியாத ஒன்று: மாற்று அறுவை சிகிச்சையில் பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை, அவை உள்ளேயே சுருங்கிக் கிடக்கும். புற்றுநோய் அவற்றிலும் வரலாம். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது புதிய சிறுநீரகத்தோடு பழைய இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைத் தோல்காரர்களை அதிகம் வாட்டும் தோல் புற்றுநோய் நம் நிறத்தவருக்குக் குறைவு. நம் ஊரில் நான் அதிகம் கவலைப்படுவது புகையிலையைப் பற்றித்தான். வெற்றிலையோடு போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாத காய்ச்சல், எடை இறக்கம், மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், சிறுநீரில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மாத்திரை அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். முதல் வருடத்துக்குப் பிறகு பலருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்து நாங்களே குறைப்பதுண்டு. ஆனால் வேளையை விட்டு வீட்டிலேயே குறைத்தால் அந்த அளவு ஏறி இறங்கும். அது அவருடைய அம்மா கொடுத்த சிறுநீரகத்தைத்தான் முதலில் காவு வாங்கும்.