டைவர்ஸ் ஆனா ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற வீடு பாதி பாதியா பிரியுமா? குழந்தை யார்கிட்ட இருக்கும்?

தானா எதுவும் பிரியாது சிஸ்டர். டைவர்ஸ்னாலே சொத்துல பாதின்னு நெறைய பேர் நினைச்சுக்கறாங்க, இந்தியால கோவா மாதிரி ஒண்ணு ரெண்டு இடம் தவிர வேற எங்கயும் அப்படி சட்டம் கிடையாது, பத்திரத்துல யார் பேரோ அவங்களுது, ரெண்டு பேர் பேரும் இருந்தா ரெண்டு பேருக்கும் பங்கு. நான் வக்கீல் இல்ல, இந்து திருமணச் சட்டத்துல கேஸ் முடிச்சு வெளிய வந்தவ, அவ்ளோதான், சட்டம் படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க.

வீட்டைப் பத்தி கேட்டீங்க, லோனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, எனக்கு பக்குனு ஆயிடுச்சு. கோர்ட் உங்களை பிரிச்சு விட்டுடும், பேங்க் விடாது. லோன்ல கோ-அப்ளிகன்ட்டா, அதாவது கூட சேந்து கடன் வாங்கினவரா கையெழுத்து போட்டிருந்தா அவர் இஎம்ஐ கட்டாம விட்டாலும் உங்க சிபில் ஸ்கோரும் சேந்து அடி வாங்கும்.

எங்களுது அந்த சட்டத்தோட 13பி பிரிவு, மியூச்சுவல் கன்சென்ட், ரெண்டு பேரும் சம்மதிச்சு கேக்கற டைவர்ஸ். வக்கீல் டிராஃப்ட்ல வீட்டுக்கு ஒரே வரி, "மேற்படி வீட்டை முதல் மனுதாரர் எடுத்துக்கொள்ள இரண்டாம் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை". லோன் எங்க சார்னு கேட்டா அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம்னாரு. மனு போட்டப்புறம் காத்திருக்கணும்ங்கற ஆறு மாச வெயிட்டிங்கை கூட தள்ளுபடி கேக்கலாம், 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சுன்னு அவசரப்படுத்தினாரு. வேணவே வேணாம்னுட்டேன், எனக்கு தேவைப்பட்டதே அந்த ஆறு மாசம்தான், ஏன்னா தீர்ப்பு வர்ற வரைக்கும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அப்புறம் நம்ம பேச்சை யாரு கேப்பா.

லோன்லேருந்து என் பேரை எடுங்கன்னு கேட்டா, என் வீட்டுக்காரர் சம்பளத்துக்கு மட்டும் அந்த லோன் தாங்காதுன்னு பேங்க் சொல்லி, கடைசில மாமனார் உள்ள வந்து கையெழுத்து போட்டாரு. என் பேரை எடுத்தாச்சுன்னு பேங்க் லெட்டர் கைக்கு வந்தப்புறம்தான் வீட்டுல என் பங்கை அவருக்கு விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணேன், அதுவும் டைவர்ஸ் தீர்ப்புக்கு முன்னாடியே, தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள எழுதினா ஸ்டாம்ப் டூட்டில சலுகை இருக்கு, டைவர்ஸ் ஆயிட்டா நாம குடும்பம் இல்லையே. காசுக்கு அலையறான்னு என் சொந்த சித்தியே பேசினாங்க. பேசட்டும், இஎம்ஐ சித்தியா கட்டப் போறாங்க?

குழந்தை வயசு நீங்க சொல்லல. அஞ்சுக்குள்ளன்னா சாதாரணமா அம்மாகிட்டதான், அதுக்கு மேல குழந்தையோட நலன்தான் கணக்கு, சம்பளம் ஜாஸ்திங்கறதுக்காக மட்டும் யார்கிட்டயும் போயிடாது. "வசதிப்பட்டப்போ பாத்துக்கலாம்"னு மட்டும் எழுத விடாதீங்க. எந்த சனிக்கிழமை, எத்தனை மணிக்கு கொண்டு வந்து விடணும், மே மாச லீவு யாருக்கு, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டணும், எல்லாம் எழுத்துல வரணும். உங்க ஜீவனாம்சத்தை நீங்க விட்டுக்குடுக்கலாம், குழந்தைக்கு உண்டானதை விட்டுக்குடுக்க நமக்கு உரிமை இல்ல.

சம்பந்தமில்லாம ஒண்ணு, மனசு ஆறல, சொல்லிடறேன். இவ்ளோ பண்ணிட்டு வாடகைக்கு வீடு தேடினா "சார் என்ன பண்றாரு"ங்கறாங்க. சம்பள சிலிப் காட்டறேன், ஆபீஸ் ஐடி காட்டறேன், ஹவுஸ் ஓனர் அதை தொட்டுக்கூட பாக்காம "அப்பாவை கூட்டிட்டு வாங்கம்மா பேசிக்கலாம்"ங்கறாரு. கோர்ட்ல கூட என் அப்பாவை யாரும் கேக்கல!

சரி, உங்க விஷயம். லோன் ஸ்டேட்மென்ட்டும் பேங்க்ல இருக்கற பத்திரங்களோட லிஸ்ட்டும் இந்த வாரமே வாங்கிடுங்க, கடன்ல உங்க பேரும் இருந்தா நீங்களே போய் எழுதிக் குடுத்து கேக்கலாம்.