புயலில் நின்றுபோன ஜீப்பை எங்கே தொடங்கிச் சீர்செய்வது?

வாசகர் கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ளது. அப்பா வயல் வேலைக்கு வைத்திருந்த மகிந்திரா எம்.எம். 540 ஜீப், 2018 கஜா புயலில் கொட்டகை சாய்ந்த நாளிலிருந்து பெரும்பாலும் நின்றபடியே இருக்கிறது. அப்போது பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. அப்பா காலமான பிறகு பேட்டரி மாற்றிப் பார்த்தோம். வெகுநேரம் செல்ஃப் அடித்த பின் வெள்ளைப் புகையோடு எடுத்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை போகிறது. ஃபோர் வீல் போட்டால், சேற்றில் சற்று இழுத்ததுமே லிவர் தானாக விலகிவிடுகிறது. நானும் தம்பியும் வீட்டிலேயே வேலை பார்க்க விரும்புகிறோம். முழுவதும் பிரித்துப் பெயிண்ட் அடித்துச் சேர்த்தால்தான் சரிவரும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் வைத்தே செய்யக்கூடிய வேலைதான், ஆனால் முழுவதும் பிரிக்க வேண்டாம். எண்ணெய் கசிந்த தடம், ஆட்டம் கண்ட இடம், சத்தம் வரும் திசை ஆகியவை வண்டி கூடியிருக்கும்போதுதான் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கும். பிரித்துப் பரப்பிவிட்டால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்பதை அறியும் வழி அடைபட்டுப் போகும். டெல்டாவின் கொட்டகைகள் பலவற்றில் சாக்கு மூட்டைகளில் கிடக்கும் ஜீப்புகள் எல்லாம் ஒரே மூச்சில் பிரிக்கப்பட்டவையே. எனவே ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றி, அதை முடித்து மாட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். பெயிண்ட் கடைசி வேலை.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தருவது புகையும் அல்ல, லிவரும் அல்ல. பாதிச் சக்கரம் வரை நின்ற தண்ணீர். பாதிச் சக்கரம் என்றால் அது ஆக்சிலின் மையம். அந்த உயரத்தில் தண்ணீர் சில நாட்கள் நின்றிருந்தால் முன்னும் பின்னும் உள்ள கிரவுன் ஹவுசிங்குகள் (ஆக்சிலின் நடுவே கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் அடங்கிய கூடுகள்), வீல் பேரிங்குகள், பிரேக் டிரம்கள் ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் அது புகுந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். ஆயில் சீல் என்பது உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுப்பதற்காக அமைந்தது. வெளியே நிற்கும் தண்ணீரைத் தடுப்பதில் அது அவ்வளவு வல்லதன்று. புயல் வராத ஆண்டுகளிலும் இதே கேடு வேறு வழியில் நடப்பதுண்டு. ஓடிச் சூடேறிய ஹவுசிங் வாய்க்காலில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்குகிறது. ஹவுசிங் மூச்சுவிடும் துளையான பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடுகிறது, பிரீதரே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் இறங்குகிறது.

ஆகவே வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹவுசிங்குகளைப் பாருங்கள். ஓரிரவு அசையாமல் நின்ற வண்டியில், முதலில் எண்ணெய் ஊற்றும் மேல் பிளக் கழல்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே அடியில் உள்ள டிரெயின் பிளக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும்போது கீழே வடித்துவிட்டால் மீண்டும் எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அது அடியில் தங்கி முதலில் சொட்டும். வண்டி அதன் பின் ஓடியிருந்தால் இரண்டும் கலங்கி, பால் ஊற்றிய காபியின் நிறத்தில் வரும். எப்படி வந்தாலும் முழுவதும் வடியுங்கள். கவரைக் கழற்றி டார்ச் அடித்து கிரவுன், பினியன் பற்களைக் கவனியுங்கள். மேலாகப் படிந்த துரு துடைத்தால் போய்விடும், ஆனால் பல்லின் முகத்தில் குழி விழுந்திருந்தால் ஓடும்போது இரைச்சல் தரும், பேரிங்கிலும் அதே குழி இருக்கக்கூடும். சேதம் இல்லையென்றால் புதிய கியர் ஆயில் ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒருமுறை வடித்து மீண்டும் புதிதாக ஊற்றுங்கள். கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜினின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) ஆகியவற்றிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் ஹோஸ் பொருத்தி, பானட்டுக்குள் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். மிகக் குறைந்த செலவில் இந்த வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை அது.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் வண்டல் மண் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் இளகியே இருக்கும். ஜாக்கி மெல்லச் சாயும். சிமெண்ட் தளம் இல்லையென்றால் தடித்த பலகையை விரித்து, அதன்மேல் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் செல்லுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

அடுத்து பிரேக். பெடல் தரை வரை போகும் வண்டியை வாசலைத் தாண்டி எடுக்கக் கூடாது. நான்கு டிரம்களையும் கழற்றினால் வீல் சிலிண்டர்கள் துருவேறி ஒழுகியோ இறுகியோ இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். உள்சுவரில் குழி விழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது வீண், சிலிண்டரையே மாற்றுங்கள். சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்புப் பிரேக் குழாய்கள் கிளிப்புகளுக்கு அடியில்தான் அரித்திருக்கும் என்பதால், கிளிப்பை எடுத்துப் பார்க்காமல் நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஓர் இடத்தில் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே பாதி மிச்சமிருக்கும் பழைய டின்னை ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ கலந்துவிட்டால் ரப்பர்கள் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சேஸிஸ் சோதனைக்கு ஒரு சிறிய சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர்கள், பின் கிராஸ் மெம்பர், பாடி அமரும் இடங்கள் ஆகியவற்றில் மண் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் மண்ணைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது, மொத்தென்று கேட்டால் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டையை மெல்லிய தகட்டால் மூடி பட்டி பூசுவது பெயிண்டைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது. அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனத் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதைத் தேர்ந்தவரிடம் விடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயர்களையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுவது, டீசல் டேங்கை இறக்கி அப்பால் வைப்பது ஆகிய இரண்டையும் மறக்காதீர்கள். பல பழைய ஜீப்புகளில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. காலி டேங்கில் தங்கும் ஆவி தீப்பற்றக் கூடியது.

இப்போது இன்ஜின். எம்.எம். 540-இல் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின் நான்கு சிலிண்டர்களும் 2,112 சிசி கொள்ளளவும் உடையது. இதில் டீசல் நேரடியாகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படாமல் பக்கத்து அறை ஒன்றில் எரியத் தொடங்குவதால், குளிர்ந்த நிலையில் எடுப்பதற்கு அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இன்றியமையாதது. நெடுநேரம் செல்ஃப் அடித்து வெள்ளைப் புகையோடு எடுப்பது, எரியாத டீசல் வெளியேறுவதன் அடையாளம் என்று கொள்ள இடமுண்டு; புகை கண்ணைக் கரித்து டீசல் வாடை அடித்தால் அதுவே. வாடையில்லாத நீராவியாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இன்ஜின் ஆயில் குச்சியையும் பாருங்கள்; மேல் கோட்டுக்கும் மேலே எண்ணெய் ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது, அந்த நிலையில் இன்ஜினைச் சுற்றவே கூடாது.

ஹீட்டர் சோதனை எளிது. பிளக்குகளை இணைக்கும் பட்டியைக் கழற்றி, 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் பிளக்கின் கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அது செத்துவிட்டது. நான்கில் இரண்டு செத்திருந்தாலே உங்கள் கதை அதுவாக இருக்கக்கூடும். அதன் பின் டேங்கை முழுவதும் வடித்துக் கழுவுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற டீசலின் அடியில் தண்ணீரும் கருத்த வழவழப்பும் சேர்ந்திருக்கும். அதைப் பம்பு வரை இழுக்க விடுவதே பெரிய செலவுக்கு வழி. ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து, பிளீட் ஸ்க்ரூவில் குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். மறுநாள் மீண்டும் ஏர் பிடித்திருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ ஹோஸ் வெடித்திருக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். அதற்கும் நாசில்களுக்கும் சோதனைக் கருவி உள்ள பம்பு சர்வீஸ் கடைதான் சரியான இடம். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் பக்கத்தில் அது உவர். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டருமே ஊற்றுங்கள்.

வயரிங்கை ஒட்டுப் போடாமல் புதிதாக இழுப்பதே நல்லது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற வண்டியில் எலி கடிக்காத ஒயர் அரிது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டையை முதலில் மாற்றுங்கள்; அது அரித்திருந்தால் பேட்டரி புதிதானாலும் செல்ஃப் மந்தமாகவே சுற்றும்.

இனி, விலகும் லிவர். இதற்காக உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்ற வேண்டாம், ஏனெனில் பல நேரங்களில் காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை மட்டும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருந்தால் அதை லாக் செய்யுங்கள். ஃபோர் வீல் போடாதபோது முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கையால் சுற்ற வேண்டும். போட்டதும் சிறு ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். போட்ட பிறகும் முழுச் சுற்றுச் சுற்றினால் உள்ளே கியர் சேரவே இல்லை. ஷாஃப்ட் நிற்கிறது என்றால் ஒரு முன் சக்கரத்தைச் சுற்றுங்கள், மற்றது எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கோளாறு ஹப்பிலோ ஆக்சில் ஷாஃப்ட்டிலோ கிரவுனிலோ உள்ளது. இந்தச் சோதனை முழுவதும் கையால்தான். ஓர் ஆக்சிலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோர் வீலில் இன்ஜினை ஓடவிட்டு கியர் போட்டால், தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

கியர் சேர்ந்து, பாரம் ஏறும்போது மட்டும் விலகுகிறது என்றால், லிவரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் இருக்கும் கம்பியை நேரடியாகக் கையால் தள்ளுங்கள். லிவர் கொண்டுசெல்லும் இடத்தைவிட அது மேலும் உள்ளே போகிறதா? போகிறது என்றால் பல் பாதியளவே சேர்ந்திருக்கிறது. இணைப்பின் புஷ் தேய்ந்தோ, லிவர் தரைத் தகட்டில் இடித்தோ, கெட்டியாகிப்போன ரப்பர் உறை தடுத்தோ அது நிகழலாம். இன்ஜின், பெட்டி மவுண்ட் ரப்பர்களையும் நெம்பிப் பாருங்கள். அவை செத்திருந்தால் சேற்றில் இழுக்கும்போது பெட்டி முழுவதும் திருகி லிவரை இழுத்துவிடும். உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்க விரும்புவது இந்த ரப்பர்களையே. அதன் பிறகுதான் கம்பியைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும், அதற்கும் பிறகே ஃபோர்க் தேய்மானமும் முனை மழுங்கிய பல்லும். பல் மழுங்கியிருந்தால் கியரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டயர்களும் நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் ஷாஃப்ட்டுகள் ஒன்றையொன்று முறுக்கும். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, தூரத்தை அளந்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. ஆகவே தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டவே கூடாது. சேற்றில் இறங்குவதற்கு முன், வண்டி நிற்கும்போதே போட்டுவிடுங்கள். மாட்டிக்கொண்டு சக்கரம் சுழலும்போது போடுவதால்தான் பற்கள் மழுங்குகின்றன.

வேலையைச் சம்பா அறுவடை முடிந்து மாசியில் தொடங்குவது நல்லது. காற்றில் ஈரம் குறைந்த பங்குனி, சித்திரையில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி மழையில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். கிடைக்காத பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை கைகொடுக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

வாங்கத் தொடங்கும் முன் ஆவணங்களைப் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் காலமானால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டையும் கேட்டுக்கொண்ட பிறகு பெரிய செலவில் இறங்குங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துருவைத் தேய்க்கும்போது அழித்துவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் வேறு இன்ஜின் ஏற்றவும் வேண்டாம்.

ரப்பர்களையும் இணைப்பையும் சரிசெய்த பின்னும் லிவர் விலகினால், அது ஃபோர் வீலின் ஹையில் (வேக நிலை) விலகுகிறதா லோவிலா (இழுவை நிலை), ஆக்சிலேட்டரை அழுத்தும்போதா விடும்போதா என்பதைக் குறித்து எழுதுங்கள். பெட்டியில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியும்.